சிசிஎன்ஏ படிக்க 45,000 ரூபாய் கட்டவேண்டுமா?

நாமக்கல்லிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். சிசிஎன்ஏ என்ற சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வு எழுத ஆசை. ஆன்லைன் வகுப்புக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். குறைந்த செலவில் வழி உண்டா? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?"

தம்பி, அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். அந்த 45,000-இல் தேர்வுக் கட்டணம் அடக்கமா என்று முதலில் கேளுங்கள். சிசிஎன்ஏவுக்கான சிஸ்கோவின் 200-301 தேர்வுக்குக் கட்டணம் 300 டாலர். வரியோடு 25,000 ரூபாயைத் தாண்டும். தோற்றால் மறுபடியும் கட்டவேண்டும். நீங்கள் சேர்த்துவைக்க வேண்டியது அதற்குத்தான்.

பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. யூடியூபில் 'ஜெரமிஸ் ஐடி லேப்' சேனலில் சிசிஎன்ஏ முழுவதும் இருக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் நிதானமாகப் பேசுவார். பயிற்சிக்கு சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால், கணினித் திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் மென்பொருளான பாக்கெட் டிரேசர் இலவசம். ரவுட்டரும் சுவிட்சும் விலைக்கு வாங்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் பாடத்திட்டம் 1.1 என்று சற்று மாறியது, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது சந்தேகம் தீர்க்கும் வழிகாட்டிக்குத்தான். அதிலும் மொத்தமாகக் கட்டாதீர்கள். நான் அப்படிக் கட்டி ஏமாந்தவன். இரண்டாம் மாதமே ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார், மீதிப் பாடத்துக்குப் பழைய வீடியோவை அனுப்பினார்கள். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மணி நேரம் போதும்.

நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? பாக்கெட் டிரேசரில் இரண்டு சுவிட்ச் வைத்து, இரண்டிலும் விலேன் (சுவிட்சுக்குள் தனியாகப் பிரிக்கும் நெட்வொர்க்) 10, 20 போடுங்கள். இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் விலேன்களைச் சுமக்கும் இணைப்பான ட்ரங்க்கில் 10-ஐ மட்டும் அனுமதியுங்கள். விலேன் 20-இல் இந்தப் பக்கக் கணினியிலிருந்து அந்தப் பக்கக் கணினிக்குப் பிங் (தொடர்பு கிடைக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகாது. அந்தக் கோப்பை அவரிடம் காட்டி, "ஏன் போகவில்லை?" என்று கேளுங்கள். உடனே மவுஸைப் பிடித்துத் தானே சரிசெய்து காட்டுபவர் கெட்டிக்காரர்தான், ஆனால் உங்களுக்கு வேண்டாம். "ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க் என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள், என்ன தெரிகிறது?" என்று உங்களையே தேடவைப்பவரை விடாதீர்கள். இப்படிப்பட்டவர் உங்கள் ஊரிலேயே ஏதாவது ஒரு கல்லூரியிலோ மில்லிலோ நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஒருவரைத் தேடிப் போவதற்கு முன் சப்நெட்டிங்கை, அதாவது ஐபி முகவரிகளைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் கணக்கை, கைவசப்படுத்திவிடுங்கள். 192.168.10.70, ஸ்லாஷ் 26 (முதல் 26 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும்). எந்த சப்நெட்? 64-இல் தொடங்குகிறது, பிராட்காஸ்ட் (குழுவில் எல்லோருக்கும் அனுப்பும் முகவரி) 127, நடுவில் 62 முகவரிகள். இதைப் பேனா இல்லாமல் அரை நிமிடத்தில் சொல்ல வரவேண்டும். இதற்கெல்லாம் மணிக்குக் காசு கொடுத்தால் கட்டுப்படியாகாது.

"டம்ப்ஸ் தருகிறோம், தேர்ச்சி உத்தரவாதம்" என்று சொல்லி, தேர்வின் அசல் கேள்விகளைக் கள்ளத்தனமாக விற்பவரிடம் பேச்சே வேண்டாம். பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யும். பிடிபடாவிட்டாலும், நேர்முகத்தில் நான் சொன்ன அந்த ட்ரங்க் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சரி, அடுத்த கேள்வி ஓசூரிலிருந்து வந்திருக்கிறது.