ஐந்தாம் மாதத்தில் காய்ச்சல் மாத்திரை போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வருமா?

அடுத்த கேள்வி பெரம்பூரிலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். "டாக்டர், எனக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. போன வாரம் காய்ச்சலுக்கு இரண்டு நாள் பாராசிட்டமால் போட்டேன். அதனால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று ஆராய்ச்சி சொல்வதாக மாமியாருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. எனக்குத் தூக்கமே இல்லை. உண்மையா?"

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டதில் எந்தத் தவறும் இல்லை.

சரி, அந்த ஆராய்ச்சிக்கு வருவோம். கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது மிகவும் அரிது. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961 கடைசியில் அதை நிறுத்துவதற்குள், பல நாடுகளில் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் கை கால் சரியாக வளராமல் பிறந்துவிட்டன. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் மாத்திரை போட்டவர்கள், போடாதவர்கள் என்று பிரித்து, அவர்களின் குழந்தைகளை வருடக்கணக்கில் கவனிப்பார்கள். சிக்கலே இங்கேதான். மாத்திரை போட்டவருக்குக் காய்ச்சலோ ஒற்றைத் தலைவலியோ இருந்திருக்கும். குடும்பப் பின்னணியும் வேறாக இருக்கும். அப்புறம் குழந்தையிடம் ஒரு வித்தியாசம் தெரிந்தால், அது மாத்திரையாலா, காய்ச்சலாலா, பரம்பரையாலா?

சுவீடன் ஆய்வாளர்கள் இதற்கு நல்ல வழி கண்டார்கள். 1995 முதல் 2019 வரை அங்கே பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை எடுத்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரையும் மொத்தமாக ஒப்பிட்டபோது ஆட்டிசத்தில் மிகச் சின்ன வித்தியாசம் தெரிந்தது. அதோடு நிற்காமல், கூடப் பிறந்தவர்களையே ஒப்பிட்டார்கள். மூத்தவனைச் சுமந்தபோது அம்மா மாத்திரை போட்டார், இளையவளுக்குப் போடவில்லை. அதே அம்மா, அதே அப்பா, அதே வீடு. இப்படிப் பார்த்ததும் அந்த வித்தியாசம் காணாமலே போய்விட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்த முதல் பாதி மட்டும்தான். அதை நம்பி, கொதிக்கிற உடம்போடு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் பெண்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. கடுமையான காய்ச்சலை அப்படியே விடுவது குழந்தைக்கும் நல்லதல்ல. மழைக்காலத்தில் நம் சென்னையில் அது டெங்குவாகவும் இருக்கலாம். மறுபடி காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எல்லா மருந்தும் இப்படி இல்லை. வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட்டை அம்மா கர்ப்பத்தில் எடுத்திருந்தால், பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. அதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதற்காக வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே நரம்பியல் டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது அம்மா. மெடிக்கலில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று சொல்லித்தான் மாத்திரை வாங்கினீர்களா? அப்படிக் கேட்டால் பாராசிட்டமாலோடு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்து கலந்ததைக் கொடுத்துவிடுகிறார்கள். 20 வாரத்துக்கு மேல் இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் எச்சரித்திருக்கிறது. நீங்கள் சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். ஓரிரு மாத்திரைக்குப் பதற வேண்டாம். ஆனால் அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, அடுத்த செக்கப்புக்குப் போகும்போது உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.