சந்தேகங்களுக்கு விளக்கம்: டிரவுட்டுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் எந்த மாதம் ஆற்றுக்குப் போவது?

வணக்கம். இந்த வாரத்தின் முதல் கேள்வி டிரவுட், ஸ்டீல்ஹெட் என்னும் ஆற்று மீன்களைப் பற்றி, போர்ட்லேண்டில் இருக்கும் ஒரு தம்பியிடமிருந்து வந்திருக்கிறது. படிக்கிறேன்: "அண்ணா, ஜூலை கடைசியில் நண்பர்களோடு ஆரிகனில் மாபின் ஊருக்குப் பக்கத்தில் டெஷூட்ஸ் ஆற்றுக்குப் போனோம். மதியம் முழுவதும் ஃப்ளை (பூச்சிபோலக் கட்டிய செயற்கை இரை) வீசினோம். ஒரு டிரவுட்கூடக் கொத்தவில்லை. ஸ்டீல்ஹெட் வரத் தொடங்கிவிட்டது என்று கடையில் சொன்னார்கள், அதையும் காணவில்லை. எந்த மாதம் போனால் மீன் கிடைக்கும்? மழை பெய்து ஆறு கலங்கிவிட்டால் போவதே வீண்தானா?"

தம்பி, நீங்கள் போன ஆறு அருமையான ஆறு. ஜூலை மாதமும் டிரவுட்டுக்கு நல்ல மாதம்தான். மதியத்தில் போனதுதான் கோளாறு. ஸ்டீல்ஹெட்டைப் பொறுத்தவரை ஜூலையில் அது மாபின் வரை வந்து சேர்ந்திருக்காது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: மாதத்தை வைத்து ஆற்றைக் கணிக்க முடியாது. நீரின் வெப்பம், நீரின் அளவு, நீரின் தெளிவு, நீர்மேல் விழும் வெளிச்சம் ஆகிய நான்கையும் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். ஒரே ஜூலையில் காலை ஐந்து மணி ஆறும் மதியம் இரண்டு மணி ஆறும் மீனுக்கு வேறு வேறு ஆறுகள்.

முதலில் வெப்பம். ஃப்ளை பெட்டி வாங்குவதற்கு முன் ஒரு சிறிய நீர் வெப்பமானியை வாங்குங்கள். முழங்கால் ஆழத்தில், நிழலில், நீர் ஓடும் இடத்தில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி வைத்துப் பாருங்கள். கரையோரத் தேங்கலில் வைத்தால் கணக்கு தப்பிவிடும். பத்திலிருந்து பதினைந்து டிகிரி செல்சியஸ் வரை டிரவுட் சுறுசுறுப்பாக மேயும். 18-ஐத் தாண்டினால் நான் தூண்டில் கோலைக் கழற்றிவிடுவேன். 20-ல், அதாவது இங்கே எழுதும் கணக்கில் 68 பாரன்ஹீட்டில், மீன் கொத்தினாலும் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் சொல்கிறேன். பத்து டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். இருபது டிகிரியில் அது சுமார் 9 மில்லிகிராமாகக் குறைகிறது. இரண்டு மில்லிகிராம்தானே என்று நினைக்கலாம். ஆனால் நீர் சூடேற ஏற மீனின் உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகிறது. வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. அந்த நிலையில் தூண்டிலில் மாட்டிப் போராடிய மீனை நீங்கள் எவ்வளவு பக்குவமாக விட்டாலும், அது நீந்திப் போவதைக் கண்ணால் பார்த்தாலும், சிறிது நேரத்தில் ஏதோ ஒரு பாறைக்கு அடியில் செத்துப் போகலாம். 2015ஆம் ஆண்டு வெயிலில் கொலம்பியா ஆற்றுப் படுகையில் சுமார் இரண்டரை லட்சம் சாக்கை சால்மன்கள் சூடான நீரால் மடிந்தன. அந்த ஜூலையில்தான் ஆரிகன் மாநிலத்தின் பெரும்பாலான ஆறுகளில் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு டிரவுட், சால்மன், ஸ்டீல்ஹெட் பிடிக்கத் தடை விதித்தார்கள். மொன்டானாவிலும் இப்படி ஒரு மதியத் தடை உண்டு. அங்கே தொடர்ந்து மூன்று நாட்கள் நீர் 73 பாரன்ஹீட்டைத் தொட்டால் அந்த ஆற்றில் தடை வரலாம். சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். வெப்பமானி உங்கள் பையிலேயே இருக்கிறது.

மாபினில் நீங்கள் நின்ற இடம் ஜூலையில் அவ்வளவு மோசமாகச் சூடாவதில்லை. அங்கிருந்து ஆறு கொலம்பியாவில் கலக்கும் இடம் வரை ஏறக்குறைய ஐம்பது மைல். போகப் போகத்தான் சூடு ஏறும். ஆகவே உங்களுக்கு வில்லங்கமாக வந்தது வெளிச்சம். டெஷூட்ஸ் தெற்கிலிருந்து வடக்காக, உயரமான பள்ளத்தாக்குச் சுவர்களுக்கு நடுவே ஓடுகிறது. உச்சி வெயிலில் டிரவுட்டுகள் ஆழத்துக்கோ கரையோர மர நிழலுக்கோ போய்விடும். ஜூலையில் அவற்றுக்கு உணவு, நீரில் வளர்ந்து பறக்கும் காடிஸ் என்னும் சிறு பூச்சி. அந்தப் பூச்சி கூட்டமாக வருவது மேற்குச் சுவரின் நிழல் ஆற்றின் மேல் விழுந்த பிறகுதான். நீங்கள் கோலை மடக்கிக் காரில் ஏறிய நேரத்தில்தான் அங்கே விருந்து தொடங்கியிருக்கும். அடுத்த முறை மாலை ஆறரைக்கு ஆற்றில் இறங்குங்கள், இருட்டும்வரை நில்லுங்கள்.

டிரவுட்டுக்காக ஓர் ஆண்டில் ஒரே ஒரு முறைதான் டெஷூட்ஸ் போக முடியும் என்றால் மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் போங்கள். சால்மன்ஃப்ளை என்னும் பெரிய பூச்சி வெளிவரும் காலம் அது. விரல் நீளம், ஆரஞ்சு வயிறு, கல் நிற இறக்கை. இதன் குஞ்சுப் பருவம் ஆற்றின் அடியில் கற்களுக்கு இடையே சில ஆண்டுகள் கழிகிறது. பருவம் வந்ததும் நீந்தி மேலே வராமல் கரைக்கு ஊர்ந்து வந்து, புல்லிலும் ஆல்டர் மரக் கிளைகளிலும் ஏறித் தோலை உரித்துவிட்டுப் பறக்கத் தொடங்கும். காற்று அடித்தால் கிளையிலிருந்து தொப்பென்று நீரில் விழும். அதனால் மீன் நடு ஆற்றில் இருக்காது, உங்கள் காலடிக்கு ஓர் அடி தள்ளிக் கரையோரத்தில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் நேரே இடுப்பளவு நீரில் இறங்கி நின்று தூரத்தில் வீசுகிறார்கள். மீன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருக்கிறது. கரையிலேயே மண்டியிட்டு, கிளைக்கு அடியில் சிறு வீச்சாகப் போடுங்கள். ஃப்ளை சத்தத்தோடு விழுந்தாலும் பரவாயில்லை, அசல் பூச்சியும் அப்படித்தான் விழுகிறது.

இன்னொன்று. வசந்த காலத்தில் ஆற்றின் அடியில் மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று, பாசி நீங்கிய சரளைக் கல் திட்டு தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள். பெண் மீன் வாலால் பறித்து முட்டையிட்ட இடம் அது. ஒரு மிதியில் எத்தனையோ முட்டைகள் நசுங்கிவிடும்.

இப்போது ஸ்டீல்ஹெட். வானவில் டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். நம் நீலகிரி அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே, அதே வானவில் டிரவுட்தான். ஆற்றிலேயே தங்கினால் டிரவுட், கடலுக்குப் போய் வளர்ந்து பிறந்த ஆற்றுக்குத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். பசிபிக் சால்மன்கள் ஒருமுறை முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட்டுகளில் சில மீண்டும் கடலுக்குப் போய்த் திரும்பி வரும். வரும் காலத்தை வைத்து இரண்டு கூட்டம். கோடைக் கூட்டம் முட்டை முதிராமலே ஆற்றுக்குள் நுழைந்து, அடுத்த வசந்தம்வரை ஆற்றிலேயே காத்திருக்கும். குளிர்காலக் கூட்டம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, முட்டையிடத் தயாராகவே வரும்.

டெஷூட்ஸில் வருவது கோடைக் கூட்டம். ஜூலையில் முதல் மீன்கள் ஆற்று முகத்தில், அதாவது கொலம்பியாவில் கலக்கும் இடத்தில், நுழையும். பெரும்பகுதி அப்போதும் கொலம்பியாவில்தான் இருக்கும். மாபினுக்குக் கீழே ஷெரர்ஸ் அருவி இருக்கிறது. அதைத் தாண்டி மேலே வந்து சேர செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். ஆக, ஸ்டீல்ஹெட்டுக்கு மாபின் போவதென்றால் செப்டம்பர் நடுவிலிருந்து திட்டமிடுங்கள். ஆகஸ்டு வெயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஹூட் மலையின் பனியாறு உருகி, வண்டலோடு ஒயிட் ரிவர் வழியாக டெஷூட்ஸில் கலக்கும். கலக்கும் இடத்துக்குக் கீழே ஆறு சாம்பல் நிறமாகிவிடும், மேலே தெளிவாகவே இருக்கும். மழையே இல்லாமல் ஆறு கலங்கியிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். வெயில் தணிந்தால் தெளிந்துவிடும்.

ஆற்று முகத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோடையில் கொலம்பியா 20 டிகிரியைத் தாண்டும்போது, வேறு ஆறுகளுக்குப் போகவேண்டிய ஸ்டீல்ஹெட்டுகளும் டெஷூட்ஸ் போன்ற குளிர்ந்த கிளையாறுகளின் முகத்தில் ஒதுங்கி நிற்கும். அவை அங்கே உயிர் பிழைக்க வந்து நிற்கின்றன. கூட்டமாக நிற்பதால் பிடிப்பது எளிது, அதனாலேயே பிடிக்கக் கூடாது. இப்படிப்பட்ட இடங்களில் கோடையில் மீன்பிடிப்பைத் தடைசெய்யும் விதிகளை ஆரிகன் கொண்டுவந்திருக்கிறது, நான் அதை முழு மனதாக வரவேற்கிறேன். கொலம்பியாவின் பொனவில் அணையில் 1938 முதல் மீன் ஏணியில் (மீன்கள் அணையைத் தாண்ட அமைத்த நீர்ப் படிகளில்) ஏறும் மீன்களை எண்ணிவருகிறார்கள். 2021-ல் கோடை ஸ்டீல்ஹெட் வருகை, அதுவரை பதிவானவற்றிலேயே மிகக் குறைவு. அந்த இலையுதிர் காலத்தில் டெஷூட்ஸில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட ஆண்டுகள் இனியும் வரலாம். வந்தால் டிரவுட்டோடு திருப்திப்படுவோம்.

பிடிக்கும் முறையும் வெப்பத்தைப் பொறுத்துத்தான். ஆற்றுக்குள் வந்த ஸ்டீல்ஹெட் பெரிதாகத் தின்பதில்லை, கண்முன் கடந்து போகும் பொருளை ஏதோ ஒரு வேகத்தில் கவ்வுகிறது. நீர் 12, 13 டிகிரி இருந்தால் ஃப்ளையைத் தேடி மேற்பரப்புவரை ஏறி வரும். மிதக்கும் லைனே (தூண்டில் கயிறே) போதும். கரையிலிருந்து எதிர்க்கரையை நோக்கி, சற்றுக் கீழ்ச்சாய்வாக வீசுங்கள். லைன் நீரில் விழுந்ததும் நீரோட்டம் அதன் நடுப்பகுதியைக் கீழே இழுக்கும். கோல் முனையால் அந்த வளைவைத் தூக்கி மேல்பக்கம் போடுங்கள். பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். ஃப்ளை குறுக்காக நகர்ந்து உங்களுக்கு நேர் கீழே வந்து நிற்கட்டும். இரண்டு அடி கீழே நகர்ந்து மறுபடி வீசுங்கள். இழுவை தெரிந்தால் கோலைச் சட்டென்று தூக்காதீர்கள். மீன் திரும்பட்டும், முள் வாய் ஓரத்தில் தானே பதியும். காலையில் சூரியன் நீரைத் தொடும்வரை வீசுங்கள். பிறகு வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் மறுபடி தொடங்குங்கள்.

கடைசியாக மழைக் கேள்வி. குளிர்கால ஸ்டீல்ஹெட்டுக்கு மழை பகையில்லை, மழைதான் அதை ஆற்றுக்குள் அழைத்து வருகிறது. ஆரிகனில் டில்லமூக் ஊர்ப் பக்கத்துக் கடலோர ஆறுகள் நீளம் குறைந்தவை, செங்குத்தாக இறங்குபவை. ஓர் இரவு மழையில் பொங்கி மண் நிறமாகிவிடும். மேட்டூருக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி என்று செய்தித்தாளில் படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை அதே கனஅடிக் கணக்கை ஏராளமான ஆறுகளுக்கு, நாளில் பலமுறை இணையத்தில் தருகிறது. அந்த வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறும், மெல்லச் சரிந்து இறங்கும். ஏறும் ஆற்றுக்குப் போகாதீர்கள், அது மீனுக்கும் ஆகாது, உங்கள் உயிருக்கும் ஆகாது. கோடு சரியத் தொடங்கி, நீர் பழுப்பிலிருந்து மங்கலான பச்சைக்கு மாறும் நாள்தான் நாள். முழங்கால் ஆழத்தில் உங்கள் பூட்ஸின் முனை நிழலாகத் தெரிந்தால் போதும், கோலை மாட்டுங்கள். இந்த ஆறுகளில் சிறிய கில்ச்சிஸ் முதலில் தெளியும், பிறகு வில்சன், பெரிய நெஹேலம் கடைசியில். ஒரே மழைக்குப் பிறகு இந்த வரிசையில் நாள்விட்டு நாள் இடம் மாறிக்கொண்டே போகலாம். பளிங்குபோலத் தெளிந்துவிட்டால் மீன் மிரளும், அடுத்த மழைக்குக் காத்திருங்கள்.

குளிர்காலத்தில் நீர் நான்கு, ஐந்து டிகிரிதான் இருக்கும். மீன் அசையத் தயங்கும். எனவே லைனின் நுனியில் நீரில் அமிழும் முனை கட்டி, கறுப்பும் நீலமும் கலந்த பெரிய ஃப்ளையை ஆழத்தில் மெதுவாக அதன் முகத்துக்கு எதிரே கொண்டுபோக வேண்டும். விடியலில் எழுந்து ஓட வேண்டிய அவசியமில்லை. பகலில் நீர் ஒரு டிகிரி ஏறினாலும் போதும், பிற்பகலில் மீன் விழித்துக்கொள்ளும்.

முதுகில், வாலுக்கு முன்னால் சிறிய கொழுப்புத் துடுப்பு முழுதாக இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த மீன், பண்ணையில் வளர்த்து விடும் மீனுக்கு அதை வெட்டிவிடுவார்கள். ஆற்றில் பிறந்த மீனை நீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றி விடுங்கள். வாஷிங்டன் மாநிலத்தில், விட வேண்டிய அந்த மீனை முழுதாக நீருக்கு வெளியே எடுப்பதே சட்டப்படி குற்றம். படம் எடுக்க ஆசையாக இருந்தால் மீன் நீரில் இருக்கும்போதே எடுங்கள்.

கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை: ஆரிகனில் உரிமத்தோடு ஸ்டீல்ஹெட்டுக்குத் தனிச் சீட்டும் வாங்க வேண்டும். கீழ் டெஷூட்ஸில் படகில் மிதந்தபடி மீன் பிடிக்கக் கூடாது, இறங்கி நின்றுதான் வீச வேண்டும். மேற்குக் கரையில் ஒரு நீண்ட பகுதி வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடி மக்களின் நிலம், அவர்கள் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. வெயில் ஆண்டுகளில் விதிகள் வாரத்துக்கு வாரம் மாறும். மாநில மீன்வளத் துறையின் பக்கத்தைப் புறப்படும் நாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்த கேள்வி சியாட்டிலிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார், வழுக்கும் பாறைகளில் எந்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வாங்குவது என்று. அதற்கு வருகிறேன்.