என் அப்பா பெயர் பிச்சை
(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மைக் செட்டுக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பியே, மேகம் கருத்தும் எழுந்து போகாத பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பந்தலுக்குக் குடிதண்ணீர் அனுப்பிய தலைவர் அம்மாவுக்குத் தனியாகவும் ஒரு நன்றி.

மனித ஆயுள் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன். ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது, தலைமுறைக்குத் தலைமுறை ஏன் மாறுகிறது, ஆணைவிடப் பெண் ஏன் கூடுதலாக வாழ்கிறாள். 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பார்கள். வாணியன் என்றால் எண்ணெய் விற்பவர்; நோய் வந்தபின் வைத்தியத்துக்குக் கொடுக்கும் காசை, நோய் வராமல் காக்க முன்பே செலவழி என்று பொருள். மூன்றுக்கும் பதில் அதற்குள் இருக்கிறது என்பது என் கட்சி.

என் அப்பா பெயர் பிச்சை. சிரிக்காதீர்கள், இந்தக் கூட்டத்திலேயே ஒரு பிச்சையும் இரண்டு குப்பம்மாளும் இருப்பார்கள். அப்பத்தாவுக்கு முதலில் பிறந்த மூன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை. கதிர் அறுத்த அரிவாளாலேயே தொப்புள்கொடியை அறுத்த காலம். பத்து நாளுக்குள் பிள்ளைக்கு வாய் இறுகிப் பால் இறங்காது, உடம்பு வில்லாய் வளையும். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், என்று யாருக்குத் தெரியும்? பேய் அடித்தது என்றார்கள். 1938-இல் நாலாவதாக அப்பா பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். எதிர்வீட்டுக் கிழவி எடுத்துக்கொள்ள, அவளுக்கு ஒரு படி தவிடு அளந்து திரும்ப வாங்கினார்கள். எமன் வந்தால், 'இது தவிட்டுக்கு வாங்கியது' என்று விட்டுவிட்டுப் போவானாம். போய்த்தான் விட்டான்! 84 வயதில் காலமாகும் வரை அப்பா சைக்கிள் மிதித்தார். அந்தக் கிழவியைக் கடைசிவரை 'ஆத்தா' என்றுதான் கூப்பிட்டார்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். மூன்று சைபர், ஒரு 84. நாலால் வகுத்தால் 21. அந்த வீட்டில் 21 வயதில் செத்தது யார்? 1940-களில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 என்கிறார்களே, பெரும்பாலும் இப்படி வந்த கணக்குதான். காலராவும் மலேரியாவும் பெரியவர்களையும் கொண்டுபோயின, மறுக்கவில்லை. ஆனால் சராசரியை அவ்வளவு கீழே இழுத்தவை தொட்டிலிலேயே போன பிள்ளைகள்.

ஊருக்கு ஊர் என்றாலும் இதே கதைதான். 2020-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. கேரளத்தில் சராசரி ஆயுள் 75, சத்தீஸ்கரில் 65 பக்கம். நாம் 13-க்கு இறங்கியது பெரிய ஆஸ்பத்திரியால் மட்டுமா? கர்ப்பிணிக்குப் போட்ட ரணஜன்னி ஊசியால், வீடு வீடாக நடந்த கிராமச் சுகாதாரச் செவிலியரால். வாணியனுக்குக் கொடுத்த காசு அது.

அந்தச் செவிலியர் நம்மூரில் எங்கே? ஐயாயிரம் பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது கணக்கு. நமக்குக் கட்டடம் இருக்கிறது, பலகை இருக்கிறது. கதவில் பூட்டுத் தொங்கிப் பதினாலு மாதம் ஆகிறது. போன ஐப்பசியில் என் தங்கை மகள் ஒரு ஊசிக்காக இரண்டு பஸ் மாறிப் போனாள். பஸ் காசு, ஒருநாள் கூலி எல்லாம் போச்சு. வைத்தியனுக்கும் சேரவில்லை, வாணியனுக்கும் சேரவில்லை.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். பெண்கள் ஆயுளை அடுத்த ஆண்டு கூப்பிட்டால் பேசுகிறேன். துணைச் சுகாதார நிலையத்தின் பூட்டைத் திறக்கச் சொல்லும் மனு வாசலில், செருப்பு விட்ட இடத்துக்குப் பக்கத்து பெஞ்சில் இருக்கிறது. கைநாட்டு வைக்க மைப்பெட்டியும் உண்டு. முதல் வரியை மட்டும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம்.