புகைக்குழாய்ல வராத புகை

எல்லாருக்கும் வணக்கம். சுத்தமான வண்டி, சுத்தமான காத்துன்னு தலைப்பு கொடுத்திருக்காங்க, நான் ஒரே ஒரு ஆளைப் பத்தி மட்டும் பேசிட்டு உக்காந்துடறேன். ஆரி ஹாகன்-ஸ்மிட். 1900ல நெதர்லாந்துல பொறந்து, கலிஃபோர்னியால கால்டெக்ங்கற பல்கலைக்கழகத்துல வேலை பாத்த வேதியியல்காரர். வண்டிக்கும் இவருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, அன்னாசிப்பழத்துக்கு அந்த வாசனை எதனால வருதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரு.

1943 ஜூலைல லாஸ் ஏஞ்சல்ஸ்ல திடீர்னு காத்து மங்கி, கண்ணெல்லாம் எரிஞ்சு தண்ணியா கொட்டுது, போர்க்காலம் வேற, எதிரி விஷவாயு போட்டுட்டானோன்னு ஜனங்க பயந்தே போயிட்டாங்க. ஒரு செயற்கை ரப்பர் ஆலை மேல பழி விழுந்துச்சு. அதை அடக்கியும் புகை போகல. கந்தகம்தான் காரணம்னு அதைக் குறைச்சாங்க, அப்பவும் போகல.

நம்ம ஆளு என்ன பண்ணாருன்னா, அன்னாசி வாசனையை குளிர வெச்சுப் பிடிக்கற அதே கருவியில ஊர்க் காத்தை இழுத்து விட்டாரு. பழுப்பு கலர்ல, நாத்தம் தாங்க முடியாத சில சொட்டு தேங்குச்சு. பாத்தா பெட்ரோல் ஆவி ஆக்சிஜனோட சேந்து மாறிப்போன சரக்கு!

விஷயம் இதுதான். வண்டி விடற நைட்ரஜன் டை ஆக்சைடு வெயில் பட்டு உடையுது, அதுல கழண்ட ஆக்சிஜன் அணு காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேந்து ஓசோன் ஆகுது. சும்மா விட்டா அந்த ஓசோன் திரும்ப நைட்ரிக் ஆக்சைடோட சேந்து காலியாயிடும், ஆனா எரியாம வர்ற பெட்ரோல் ஆவி நடுவுல புகுந்து அதைக் கெடுத்துடுது, அதனால ஓசோன் ஏறிக்கிட்டே போகும். காலைல டிராஃபிக்ல விட்டது மத்தியானம் கண்ணைக் கரிக்கும். எந்தக் குழாய்லயும் ஓசோன் வரல, சமையல் நடக்கறது வெட்டவெளியில, அப்ப குழாயை மோந்து பாத்து எப்படிங்க கண்டுபிடிக்கறது?

ஓசோனை அளக்க இவர் வெச்சிருந்த வழி இன்னும் ஜோர். ரப்பர் துண்டை வளைச்சு வெச்சுட்டு, எவ்வளவு நேரத்துல வெடிப்பு விடுதுன்னு பாக்கறது, அவ்வளவுதான்.

எண்ணெய் கம்பெனிங்க சும்மா இருப்பாங்களா? அவங்க காசுல ஆராய்ச்சி நடத்தின ஒருத்தர் கால்டெக்குக்கே வந்து, இவர் சொல்றது தப்புன்னு பேசிட்டுப் போனாரு. அன்னாசிக்கே திரும்பிடலாம்னு இருந்த மனுஷனுக்கு வந்துச்சு பாருங்க கோவம், அதுக்கப்புறம் முழுசா புகையிலயே இறங்கிட்டாரு. எதிராளியே ஆளை உள்ள இழுத்து விட்ட கதை.

1968ல, காத்து மாசைக் கட்டுப்படுத்தற கலிஃபோர்னியா காத்து வாரியத்துக்கு முதல் தலைவர் ஆனாரு. 1975 மாடல் கார்கள்ல, வண்டிப் புகையை வெளிய விடறதுக்கு முன்னாடியே சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்துச்சு, ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துடும்ங்கறதால ஈயமில்லா பெட்ரோலும் கூடவே வந்துச்சு. 1977ல காலமாயிட்டாரு.

கலிஃபோர்னியால எல் மான்டேங்கற ஊர்ல, அந்த வாரியத்துக்கு இவர் பேர்லயே வண்டிப் புகையை சோதிக்கற ஒரு லேப் இருந்துச்சு. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்கள் அந்த லேப்ல ஜம்முனு பாஸாயிட்டு, ரோட்டுல இறங்கினதும் நைட்ரஜன் ஆக்சைடை பல மடங்கு கக்குச்சு. ரெண்டு கணக்கும் ஏன் ஒத்துவரலன்னு வாரியத்துக்காரங்க விடாம குடைஞ்சாங்க, கடைசில 2015 செப்டம்பர்ல, சாஃப்ட்வேர் வெச்சு ஏமாத்தினோம்னு கம்பெனியே ஒத்துக்கிச்சு.