அம்மா சொன்ன "ஆமா"

வணக்கம் நேயர்களே. வயசானவங்க, ஊனம் இருக்கறவங்க முடிவெடுக்கறப்ப நாம எப்படித் துணையா நிக்கணும்னு பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. எங்கம்மாட்ட இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா எனக்கு இதக் கத்துக் குடுத்ததே அவங்கதான்.

அம்மாவுக்கு 71 வயசுல பக்கவாதம் வந்துச்சு, வலது கை வலது கால் போச்சு, கூடவே பேச்சும் போச்சு. நாலஞ்சு மாசத்துல கால் கொஞ்சம் தேறி வாக்கர் புடிச்சு முற்றம் வரைக்கும் நடந்தாங்க, ஆனா வாயில திரும்பி வந்தது ஒரே வார்த்தைதான், "ஆமா". பசிக்குதாம்மா? ஆமா. சாப்ட்டாச்சா? ஆமா. கை வலிக்குதா? ஆமா. வலி இல்லையா? அதுக்கும் ஆமாதான். இத டாக்டருங்க அஃபேஷியானு சொல்றாங்க. ஆளு தெரியும், கணக்கு வழக்கு தெரியும், மனசுல என்ன வேணும்னும் தெரியும், வார்த்தை மட்டும் வராது, சிலருக்கு நாம வேகமாப் பேசினா அதுவும் பிடிபடாது.

அப்பதான் அண்ணனுங்க ரெண்டு பேரும் "வீட்டை எங்க பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிரலாமாம்மா"னு கேட்டாங்க, அம்மா "ஆமா"ன்னாங்க, மறுநாளே பத்திரம் எழுதுறவர்ட்ட போய் டிராஃப்ட் வாங்கிட்டு வந்துட்டாங்க. அண்ணனுங்க கெட்டவங்க இல்ல, அம்மாவத் தாங்கற பிள்ளைங்கதான், அந்த நேரம் பக்கத்துலயே நின்ன நானும் அம்மா சம்மதிச்சிட்டாங்கன்னுதான் நெனச்சேன். டிராஃப்ட்ல "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி என் மனப்பூர்வமாக"னு ஒரு வரி இருந்துச்சே, அத இப்ப நெனச்சாலும் எனக்கு நெஞ்சு பதறுது.

அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்க வந்த பொண்ணு இதக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு, "வீட்டை எழுத வேணாமான்னு கேட்டீங்களாக்கா?" கேட்டோம். அம்மா "ஆமா"ன்னாங்க. அண்ணன் அப்படியே திண்ணைல உக்காந்துட்டாரு.

அப்புறம் அந்தப் பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு. காலைல குளிச்சு முடிச்சு அம்மா தெளிவா இருக்கற நேரமாப் பாத்து, டிவிய நிறுத்திட்டு, ஒரு நேரத்துல ஒரே கேள்விதான் கேக்கணும். காப்பி டம்ளரையும் கஞ்சி டம்ளரையும் முன்னாடி வெச்சிட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணணும், நடுவுல வாயத் திறக்கக் கூடாது. அந்தப் பத்து இருக்கே, அதுதாங்க ரொம்பக் கஷ்டம், அஞ்சு எண்றதுக்குள்ள நமக்கு வாய் அரிக்கும், "காப்பிதானேம்மா"னு சொல்லிருவோம், சொன்னா உடனே "ஆமா" வந்துரும். காத்திருந்தா இடது கை மெதுவா நகரும், நாலு நாளும் அது கஞ்சிக்குத்தான் போச்சு, நாங்க மாசக்கணக்கா காப்பியே குடுத்துட்டிருந்திருக்கோம்.

அதுக்கப்புறம்தான் வீட்டு போட்டோ, ஊருக்கு வெளிய இருக்கற காலி மனை போட்டோ, பிள்ளைங்க போட்டோ எல்லாத்தையும் கட்டில்ல பரப்பினோம். அண்ணனுங்கள வெளிய போகச் சொல்லிட்டோம், கோவத்துல இல்ல, சொத்து யாருக்குப் போகுதோ அவங்களே கேள்வி கேக்கக் கூடாதுன்னு. சித்தி பக்கத்துல உக்காந்தாங்க. அம்மா மனை போட்டோவ எடுத்து அண்ணனுங்க போட்டோ பக்கம் தள்ளினாங்க, வீட்டு போட்டோவ எடுத்து மடில வெச்சு கையால மூடிக்கிட்டாங்க. ரெண்டு நாள் விட்டு திரும்பக் கேட்டோம், போட்டோவ இடம் மாத்தி வெச்சும் கேட்டோம், அதேதான்.

இது எங்க வீட்டு வழக்கம் மட்டும் இல்லீங்க, சட்டமே இதத்தான் சொல்லுது. ஐ.நா.வோட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-ல வந்துச்சு, இந்தியா 2007-ல ஏத்துக்கிச்சு. அதோட 12-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஊனம் இருக்குங்கறதுக்காக ஒருத்தரோட முடிவெடுக்கற உரிமைய எடுத்துரக் கூடாது, முடிவெடுக்க உதவி வேணும்னா அந்த உதவியக் குடுக்கணும். அதுக்கேத்த மாதிரி நம்ம நாட்டுல 2016-ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துச்சு, அதுல இருக்கற 21 வகை ஊனத்துல நிரந்தரமா பேச்சு போறதும் ஒண்ணு, எங்கம்மா மாதிரி அஃபேஷியா வந்தவங்களும் அதுல வருவாங்க. அந்தச் சட்டத்தோட 13-வது பிரிவப் படிச்சப்ப எங்க வீட்டப் பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு. துணைக்கு இருக்கறவங்க தன் செல்வாக்கக் காட்டி வளைக்கக் கூடாது, சொத்து பண விஷயத்துல தனக்கு ஆதாயம் இருந்து முரண்பாடு வந்தா ஒதுங்கிக்கணும், அந்தத் துணை சரியில்லன்னா மாத்திக்கற உரிமை அவங்களுக்கு இருக்கு.

ஊனம் இருக்கற பிள்ளைங்களப் பெத்தவங்க நெறய பேர் எங்கிட்ட கேப்பாங்க, எம்புள்ளைக்கு 18 முடிஞ்சிருச்சு, கார்டியன்ஷிப் வாங்கணுமான்னு, அதாவது அவங்களுக்குப் பதிலா முடிவெடுக்கற காப்பாளர் பொறுப்ப சட்டப்படி வாங்கணுமான்னு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு இருக்கறவங்களுக்கு 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் இருக்கற கமிட்டில வாங்கலாம், சில பேருக்கு அது தேவைதான். ஆனா 2016 சட்டத்தோட 14-வது பிரிவு சொல்ற காப்பாளர் வேற மாதிரி, இன்ன முடிவுக்கு இவ்வளவு காலத்துக்குன்னு ஒரு அளவோட, அந்தப் புள்ளையோட சேந்து முடிவெடுக்கறவரு. என்னக் கேட்டா அந்த மனசுதான் முதல்ல வரணும். சுப்ரீம் கோர்ட்டே 2009-ல சண்டிகர் வழக்குல, அறிவுசார் குறைபாடு இருந்த ஒரு பொண்ணோட கர்ப்பத்த அவ சம்மதம் இல்லாம கலைக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, அவ அந்தக் குழந்தைய வேணும்னு சொன்னா.

பேங்க் விஷயமும் சொல்லிடறேன். கையெழுத்துப் போட முடியலன்னா பென்ஷன் நின்னுறாது, பெருவிரல் ரேகையோ ஏதாவது ஒரு அடையாளமோ வெச்சு, ரெண்டு சாட்சி, அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரின்னு ரிசர்வ் பேங்க்கே வழி சொல்லிருக்கு. சொத்து எழுதிக் குடுக்கற பெரியவங்க, கடைசி வரைக்கும் என்னப் பாத்துக்கணும்ங்கற நிபந்தனைய பத்திரத்துலயே போட்டுருங்க, பாக்கலன்னா 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தோட 23-வது பிரிவுல தீர்ப்பாயத்துக்குப் போய் அத ரத்து பண்ணக் கேக்கலாம். நாங்களும் போட்டோம்.

பதிவு அன்னைக்கு அம்மாவ வீல்சேர்ல கூட்டிட்டுப் போனோம். சார்பதிவாளர் பத்திரத்தப் படிச்சுக் காட்டிட்டு, "மனைய மகன்களுக்கு எழுதிக் குடுக்கச் சம்மதமாம்மா"னு கேட்டாரு. அம்மா "ஆமா"ன்னாங்க. நான், "சார், அந்த ஆமாவ எடுத்துக்காதீங்க, ஒரு நிமிஷம் குடுங்க"ன்னேன். மேசை மேல ரெண்டு போட்டோவையும் வெச்சோம். வெளிய அவ்வளவு கூட்டம் நின்னுச்சு, இருந்தும் அவரு பேனாவ மூடி கீழ வெச்சிட்டுக் காத்திருந்தாரு. அம்மா கை கொஞ்ச நேரம் அசையவே இல்ல, அப்புறம் மெதுவா நகந்து மனை போட்டோவ அவரு பக்கம் தள்ளுச்சு, வீட்டு போட்டோவ எடுத்து மடில வெச்சிக்கிச்சு.

வணக்கம்.