மாநிறக் கைக்குச் சூரியகாந்தி டாட்டூ: எந்த வடிவம், எந்த இடம்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம், காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் தேவகோட்டைத் தங்கச்சி ஒருவர் கேட்டதை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். கேள்வி நீளமாக இருந்தது, சுருக்கிச் சொல்கிறேன். "அக்கா, எனக்குச் சூரியகாந்திப் பூ டாட்டூ போட ஆசை. என்னை வளர்த்த அப்பத்தா கையில் பச்சை குத்தியிருக்கிறது, அதுவும் என் டாட்டூவில் எங்கேயாவது சேர வேண்டும். நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. மணிக்கட்டு, பின்கழுத்து, கணுக்கால் இந்த மூன்றில் எங்கே போடலாம்? வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வெளியே தெரியக் கூடாது என்று அம்மா சொல்கிறார்." கூடவே மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறார்.

முதலில் படங்களைப் பார்த்துவிடுவோம். மூன்றுமே வெள்ளைக்காரர்களின் தோலில் போட்டது. பூவைச் சுற்றித் தோல் இன்னும் சிவந்திருக்கிறது, அப்படியென்றால் போட்டு முடித்த கையோடு எடுத்த படம். அந்தப் பளிச்சென்ற மஞ்சளைப் பார்த்துத்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. அதே மஞ்சள் உங்கள் கையில் அப்படி நிற்காது தங்கச்சி. இதைப் போடும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், பல கடைகளில் சொல்வதில்லை.

காரணம் இதுதான். இங்க் தோலின் மேல் அடுக்கில் தங்குவதில்லை. ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், அடுத்த அடுக்கில் போய் உட்காருகிறது. நமக்கு நிறம் கொடுக்கும் மெலனின் மேல் அடுக்கில் இருக்கிறது. ஆக எந்த நிறத்தைக் குத்தினாலும் பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறோம். கறுப்பு அப்படியே கறுப்பாகத் தெரியும். எலுமிச்சை மஞ்சள் தோலோடு கலந்து, ஆறிய பிறகு மங்கலாக நிற்கும். இதற்கு மேல் நம் ஊர் வெயில். மஞ்சள் போன்ற வெளிர் நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். தினமும் வண்டி ஓட்டும் கை என்றால் இன்னும் சீக்கிரம்.

இப்போது அப்பத்தா கையைப் பாருங்கள். எத்தனையோ வருட வெயிலும் வேலையும் பார்த்த கை, பச்சை இன்னும் தெரிகிறது இல்லையா? குறவர் பெண்கள் எப்படிக் குத்தினார்கள் என்பதற்குப் பழைய பதிவுகள் இருக்கின்றன. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவி, அதைத் திரியாகச் சுருட்டி விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே சட்டியைக் கவிழ்த்து, அதில் பிடிக்கும் கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் குத்துவார்கள். என்ன சேர்த்து எரித்தாலும் கடைசியில் கையில் ஏறுவது கரிதான். மேல்தோலுக்கு அடியில் இருப்பதால் அது நீலப்பச்சையாகத் தெரிகிறது. அந்தக் கோலங்களைக் கவனியுங்கள். கோடு தடிமனாக இருக்கும், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். வருடங்கள் போகப் போக இங்க் தோலுக்குள் கொஞ்சம் பரவத்தான் செய்யும், அந்த இடைவெளி அதற்கு இடம் கொடுக்கிறது.

அதனால் என் யோசனை, உங்கள் சூரியகாந்தியைக் கறுப்பிலேயே போடுங்கள். கறுப்புக் கோடு, புள்ளி வைத்து ஷேடிங், இதழின் உள்பக்கம் உங்கள் தோல் நிறம். மஞ்சள் வேண்டவே வேண்டும் என்று மனம் கேட்டால், எலுமிச்சை மஞ்சளை விட்டுவிட்டுக் கடுகு மஞ்சளோ ஆரஞ்சோ எடுத்து, இதழின் அடிப்பாகத்தில் மட்டும், சுற்றிலும் கறுப்புக் கோடு அணைத்தபடி கொஞ்சமாகப் போடலாம். கையின் உள்பக்கம் சின்னதாக ஒரு புள்ளி வைத்து, ஒன்றரை மாதம் ஆறவிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். கோடே இல்லாமல் நிறத்தை மட்டும் கசியவிடும் வாட்டர் கலர் பாணி நம் நிறத்துக்கு எடுபடாது. இன்னொன்று, பிற்காலத்தில் லேசரில் எடுக்க வேண்டி வந்தால் கறுப்புதான் நன்றாகப் போகும். மஞ்சள் லேசருக்கு எளிதில் மசியாது.

சரி, மஞ்சள் இல்லாமல் பூவைச் சூரியகாந்தி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நடுவட்டத்தை வைத்துத்தான். அது பூவின் மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சிறிதாக்கினால் பார்ப்பவர்கள் செவ்வந்தி என்பார்கள். இதழ்களின் நுனி கூர்மையாக, இரண்டு அடுக்காக, ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். எல்லா இதழும் ஒரே நீளத்தில் இருந்தால் உயிர் இருக்காது, ஒன்றிரண்டு மடங்கியிருப்பது நல்லது. இலை பெரியது, இதய வடிவம், ஓரம் பல் பல்லாக இருக்கும். ரோஜா இலையைக் கொண்டு வந்து ஒட்டிய டிசைன்கள் நிறைய சுற்றுகின்றன, ஏமாந்துவிடாதீர்கள்.

நடுவட்டத்தில்தான் என் முழுக் கவனமும் இருக்கும். நிஜப் பூவில் விதைகள் சுருள் சுருளாக அடுக்கியிருக்கும். ஒரு பக்கம் சுற்றும் சுருள்களை எண்ணினால் பெரும்பாலும் 34, மறுபக்கம் 55. பெரிய பூவில் 55, 89 என்று போகும். அதை அப்படியே குத்தச் சொல்லிக் கேட்கிறார்கள். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், அந்த அளவுப் பூவில் அத்தனை விதையைக் குத்தினால் சில வருடத்தில் ஒரே கறுப்பு வட்டமாகிவிடும். ஓரத்தில் அடர்த்தியாகவும் நடுவில் விட்டுவிட்டும் புள்ளி வைத்தால் போதும், கண் அதைச் சுருளாகவே பார்க்கும். அதற்கும் பூ குறைந்தது மூன்று அங்குலம் இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதாக வேண்டுமென்றால் விதையை மறந்துவிட்டு வெறும் கோட்டுப் பூவாகப் போடுங்கள்.

அப்பத்தாவின் பச்சையை இங்கேதான் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கையை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். புள்ளிக் கோலம் என்றால் அந்தப் புள்ளிகளை அதே கணக்கில் நடுவட்டத்துக்குள் வைக்கலாம். அப்போது சுருள் வேண்டாம். கோலப் புள்ளி நேர் வரிசை, விதை சுருள் வரிசை, இரண்டையும் ஒன்றாகத் திணித்தால் இரண்டும் கெடும். அப்பத்தா கோலத்தைப் பூவுக்குள் வைப்பதையே நான் விரும்புவேன், அது வேறு யார் கையிலும் இருக்காது. ஆத்தங்குடித் தரைக் கல் டிசைனைப் பூவுக்குப் பின்னால் கேட்பவர்களும் உண்டு. அழகுதான், ஆனால் சதுரமும் நேர்க்கோடும் உருண்டையான கையில் கோணலாகத் தெரியும். முதுகின் மேல்பக்கம் போலத் தட்டையான இடம் இருந்தால் மட்டும் போடுங்கள்.

"சூரியனைப் பார்த்துத் திரும்பும் பூ, அதனால்தான் பிடிக்கும்" என்றும் எழுதியிருந்தீர்கள். சூரியனோடு திரும்புவது மொட்டும் இளஞ்செடியும். முழுதாக மலர்ந்த பூ கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். அந்த அர்த்தம் வேண்டுமானால் பூவுக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காம்பின் வளைவுக்கும் அது நன்றாக இருக்கும்.

இடத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன மூன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மணிக்கட்டில் மூன்று அங்குலப் பூவுக்கு இடமில்லை, வளையலும் வாட்சும் உரசிக்கொண்டே இருக்கும், வெயிலும் நேராகப் படும். பின்கழுத்தில் செயின் உரசும், வியர்வை நிற்கும், நாளைக்குத் தாலிக்கொடியும் அங்கேதான் கிடக்கும். கணுக்காலில் கொலுசு, செருப்பு வார், புடவைக் கரையின் தூசி. ஆறுவதற்கே சிரமப்படும். சர்க்கரை இருப்பவர்கள் காலில் போடுவதற்கு முன் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

வட்டமான பூவுக்கு வட்டமான இடம் பொருந்தும். மேல்கையின் வெளிப்பக்கம், தோள் உருண்டைக்குச் சற்றுக் கீழே, உங்களுக்கு அதுதான் சரி. ரவிக்கைக் கை, சுடிதார்க் கை இரண்டுமே மூடிவிடும், அம்மாவுக்கும் நிம்மதி. வெயில் படாது, அதனால் பல வருடம் தெளிவாக இருக்கும். உடம்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அந்த இடம் வயிறு அளவுக்கு விரியாது. இரண்டாவது இடம் இடது தோள்பட்டையின் பின்பக்கம். கண்டாங்கி கட்டினாலும் பட்டு கட்டினாலும் முந்தானை இடது தோளில்தானே போகிறது. காம்போடு நீளமான பூ வேண்டுமென்றால் முழங்கைக்குக் கீழே உள்பக்கம் அருமையான இடம், ஆனால் அது வெளியே தெரியும். விரல், உள்ளங்கை வேண்டவே வேண்டாம், நிற்காது.

முடிவெடுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். சின்ன வயதில் பிசிஜி தடுப்பூசி போட்ட தழும்பு இடது மேல்கையில் இருக்கும். அதைத் தடவிப் பாருங்கள். தட்டையாகவோ குழியாகவோ இருந்தால் கவலை இல்லை. மேடாகப் புடைத்து, ஊசி போட்ட இடத்தைத் தாண்டி வளர்ந்திருந்தால் அது கீலாய்டு. காது, மூக்குக் குத்திய இடத்தில் உருண்டை வந்ததா என்றும் பாருங்கள். கீலாய்டு கறுத்த தோலில் அதிகம் வரும், அதுவும் தோள், நெஞ்சு, மேல்முதுகில். உங்களுக்கு அப்படி இருந்தால் நான் சொன்ன இரண்டு இடமும் ரத்து. தோல் டாக்டரைப் பார்க்காமல் உடம்பில் எங்கேயும் ஊசி வைக்காதீர்கள்.

அடுத்து, மருதாணிக் கோனில் அதே அளவில், அதே இடத்தில் வரைந்து ஒரு வாரம் வைத்திருங்கள். புடவை கட்டிப் பாருங்கள், சுடிதார் போட்டுப் பாருங்கள், அம்மாவிடமும் காட்டுங்கள். கறுப்பு மருதாணி என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள், அதில் கலக்கும் தலைச்சாய ரசாயனம் தோலைப் பொசுக்கிவிடும்.

போலீஸ், ராணுவ வேலைக்குத் தயாராகும் தம்பி தங்கைகளும் இதைப் பார்ப்பீர்கள். அங்கே எந்த இடம், எந்த அளவு, என்ன உருவம் என்று விதி உண்டு. துணை ராணுவத் தேர்வுகளில் இடது முன்கையின் உள்பக்கம், புறங்கை என்று இடத்தைச் சொல்லி, அந்த உறுப்பில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும் போட்டிருப்பார்கள். அறிவிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள்.

கடையில் ஊசி பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், இங்கைச் சின்னக் கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும், கையுறை புதிது. இதில் ஒன்று குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்துகிறவர்களிடம் கையை நீட்டாதீர்கள், மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவும் வழி அது.

நாளும் பார்த்து வையுங்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனியில் பால்குடம் எடுப்பதாக இருந்தால் திருவிழா முடிந்து போடுங்கள். ஆறாத டாட்டூவில் மஞ்சள் தண்ணீர், ஊருணிக் குளியல், எண்ணெய்க் குளியல் எதுவும் ஆகாது. மேல்தோல் மூட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பொருக்கைப் பிய்க்காமல், மிதமான சோப்பில் கழுவி, கடையில் சொல்லும் கிரீமை மெல்லிசாகத் தடவினால் போதும்.

குத்துவதற்கு முன் டிசைனைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் தாளை ஒட்டும்போது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நில்லுங்கள். கையைத் திருப்பி வைத்து ஒட்டினால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். பூ தோள் பக்கம், காம்பு முழங்கை பக்கம். கண்ணாடியில் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள், எத்தனை தடவை ஆனாலும் தயங்காதீர்கள். அப்பத்தா கைப் படத்தையும் உங்கள் தடுப்பூசித் தழும்புப் படத்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள் தங்கச்சி. கோலம் எத்தனை புள்ளி என்று பார்த்து, பூவின் அளவைச் சொல்கிறேன்.