தூங்கி எழுந்த லேப்டாப்பில் வைஃபை ஏன் தானாக வருவதில்லை?

லேப்டாப்பைத் திறக்கிறீர்கள், பாஸ்வேர்டு போடுகிறீர்கள், எல்லாம் சரி. வைஃபை மட்டும் வரவில்லை. இந்த இடத்தில் பலரும் நேராக டிரைவரை, அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளை, அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் வைஃபை ஐகானைத் திறந்து பாருங்கள். பிரச்சினை எங்கே என்று அதுவே பாதி சொல்லிவிடும்.

[திரையில்: காலியான நெட்வொர்க் பட்டியல்]

பட்டியல் காலியாக இருந்தாலோ, வைஃபை பட்டனையே காணவில்லை என்றாலோ, வைஃபை கார்டு இன்னும் விழிக்கவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க விண்டோஸ் அதை அணைத்து வைத்திருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் உங்கள் வைஃபை கார்டு, அதன் பிராப்பர்ட்டீஸ். அங்கே பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் அந்தப் பகுதியே இருக்காது. அப்போதுதான் டிரைவர் பக்கம் போக வேண்டும், அதுவும் லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து.

இன்னொன்று. ஷட் டவுன் செய்து பார்த்தும் சரியாகவில்லை என்பவர்கள் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப வரும். சிக்கிய டிரைவர் சிக்கியபடியே வரலாம். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

[திரையில்: பட்டியலில் பெயர் தெரிகிறது, இணைப்பு இல்லை]

பெயர் தெரிந்தும் இணையவில்லையா? தானாக இணை என்ற டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

லினக்ஸ் என்றால் எனக்கு முதல் சந்தேகம் கீரிங் மேல்தான், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டகம். வைஃபை பாஸ்வேர்டு உங்கள் கீரிங்குக்குள் இருந்தால், நீங்கள் லாகின் செய்து அது திறக்கும்வரை, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரால் இணைய முடியாது. பாஸ்வேர்டு கேட்காத ஆட்டோ லாகின் வைத்திருந்தால் கீரிங் பூட்டியே கிடக்கும். கனெக்‌ஷன் அமைப்பில், எல்லாப் பயனர்களும் இணையலாம் என்பதை டிக் செய்து, பாஸ்வேர்டையும் எல்லாப் பயனர்களுக்குமாகச் சேமியுங்கள். ஆனால் அதன்பின் அந்தப் பாஸ்வேர்டு கணினியின் ஒரு கோப்பில் அப்படியே எழுத்தாக இருக்கும். ரூட் அனுமதி, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாடு, உள்ளவர்கள் அதைப் படிக்கலாம். பலர் பயன்படுத்தும் லேப்டாப் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

[திரையில்: ஐபி முகவரி]

இணைந்தும் இன்டர்நெட் இல்லை என்றால் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்புக்கான எண்ணை, பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை. வைஃபையை அணைத்துப் போடுங்கள், மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். அப்போதும் அதே எண் வந்தால், ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.